ஐந்து மணி பஸ்ஸும் ராசம்மாள் அக்கா சொன்ன முடிவுகளும்

ராசம்மாள் அக்கா எந்தப் படத்தின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எருமை துரத்துகிற படம், தபால்காரன் அழுகிற படம், மாமியார் கிணற்றில் சாவியைப் போடுகிற படம் என்று தானே பெயர் வைத்துவிடுவார். நாகலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கும் அந்தப் பெயர்கள்தான் தெரியும். போஸ்டரில் போட்டிருக்கிற பெயரைச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்கு விளங்காது.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமலும் வீட்டில் இருக்கப் பிடிக்காமலும் வரிசையாக நின்று பழம் பறிக்கிற அந்த நிரையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பக்கத்துச் செடி அக்காவுடையது. அவர் செய்ததைச் சிலர் தப்பு என்கிறார்கள், சிலர் அதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். அவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கிளியூர். நாகலூருக்குக் கட்டிக்கொண்டு வந்தவர். வீட்டுக்காரர் சித்தன் எஸ்டேட்டில் வாட்ச்மேன். அவருக்கு சினிமா ஆகாது. "இருட்டுல உக்காந்து அடுத்தவன் ஊட்டுச் சண்டையைப் பாக்கறதுக்கு நான் என்ன கிறுக்கனா" என்பார். ஆனால் அக்கா போவதைத் தடுத்ததில்லை. அவர்கள் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் ஆரஞ்சு, கொய்யா, இரண்டு பலா மரம், வேலியோரம் அவரைக்கொடி. எது காய்த்திருக்கிறதோ அதைக் கூடையில் கட்டிக்கொண்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் போவார். மதியத்துக்குள் விற்றுவிடுவார். பிறகு காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மேட்னி பார்ப்பார். முன் சீட்டுக்காரர் தலை மறைத்தால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். பின்னால் இருப்பவர் திட்டினால், "மலையில இருந்து வர்றோமுங்க, கொஞ்சம் உசரமாத்தான் இருப்போம்" என்பாராம்.

படத்தை அவர் அளப்பது கொண்டை ஊசி வளைவுகளால். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி வரும்போது எந்த வளைவு வரைக்கும் படம் மனதில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. "மூணாவது வளைவுலயே எறங்கிப் போயிருச்சு" என்றால் உதவாத படம். இருபது வளைவும் ஏறி வீடு வரைக்கும் வந்தால் நல்ல படம். எருமைப் படம் அப்படி வந்தது. கல்யாணப் பந்தலில் ஓர் எருமை புகுந்து மாப்பிள்ளையைத் துரத்தும். அவன் ஓடி ஓடி வேறொரு கல்யாணப் பந்தலில் போய் மணையில் உட்கார்ந்துவிடுவான். எருமை அங்கேயும் வந்து மாலையைத் தின்னும். அதைச் சொல்லும்போது அக்கா எருமையாகவே மூச்சு விடுவார்.

அவருக்கு ஆகாத படங்கள் நிறைய. வியாதிக்காரத் தாய் இருமி இருமிப் பேசுகிற படம் ஆகாது. "சாகறவங்க இவ்வளவு பேச மாட்டாங்க. எங்க மாமியா தண்ணின்னு கேட்டுச்சு, குடுத்தேன், முடிஞ்சுது." ஒரே ஆள் இரண்டு வேஷத்தில் வருவது ஆகாது. எல்லாவற்றையும்விட வெறுத்தது எங்கள் ஏரியில் எடுத்த ஒரு படம். "நம்ம ஏரியில படகு ஏறுனவன், எறங்கறப்போ ஊட்டியில எறங்கறானுங்க. நடுவுல ஒரு பாட்டு. நான் பஸ்ஸுல ரெண்டு பாட்டுப் பாடுனாக்கூட அடிவாரம் தாண்டாது." பணக்காரப் பெண் காப்பித் தோட்டத்தில் குதிகால் செருப்போடு ஆடுகிற காட்சிக்கு, "அட்டை ஒண்ணு ஏறியிருந்தா தெரியும் ஆட்டம்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு செடியில் கை வைத்ததும் காளியாயி கேட்பாள். அவள்தான் எங்கள் நிரையில் வாயாடி.

"ஏனுங்க அக்கா, நேத்து என்ன, அழுவாச்சியா சிரிப்பாணியா?"

அக்கா ஆரம்பிப்பார். மேஸ்திரி முனியப்பன் ஒன்றும் சொல்ல மாட்டார். கதை கேட்கும்போது யாரும் பக்கத்துச் செடிக்காரியோடு வம்பு பேசுவதில்லை, கை தானாக ஓடும் என்று அவருக்குத் தெரியும். அக்காவின் கைதான் எல்லோரிலும் வேகம். எவ்வளவு வேகத்திலும் பழம் மட்டும்தான் வரும், ஒரு பச்சைக்காய் விழாது. ஒரு படத்தை இரண்டு நாள் சொல்வார். முடிவு வரும்போது நிரையே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்.

அந்த முடிவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஐந்து மணிக்குப் புறப்படுகிற பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏற்காட்டில் நாகலூர் போகும் கடைசி பஸ் கிடைக்கும். தவறினால் இருட்டில் காட்டெருமை நடமாடுகிற ரோட்டில் நடந்துதான் வர வேண்டும். மேட்னி விடுவதோ ஐந்து மணி தாண்டி. ஆகவே கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு படத்தையும் கடைசி வரைக்கும் பார்த்ததில்லை. முடிவை பஸ்ஸில் வரும்போது, வளைவு வளைவாகத் தானே யோசித்துக்கொள்வார். கொலைகாரன் யார் என்று அநேகமாகச் சரியாகவே சொல்லிவிடுவார். யாராவது செத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வயதானவர்களைச் சாக வைப்பார். நிரையில் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. யாருக்கும் தெரியாது என்றுதான் அக்கா நினைத்திருந்தார்.

பாவாயி எங்கள் நிரைக்கு வந்தது அந்த வருடம் பறிப்பு பாதி நடந்துகொண்டிருந்தபோது. மஞ்சக்குட்டையில் வெள்ளையன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவன் குடித்துவிட்டு அடித்ததில் இடது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை. தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது கையால் கிளையை வளைத்துப் பிடிக்க முடியாது. முழங்கையால் அணைத்துக்கொண்டு வலது கையால் பறிப்பாள். அக்கா தன் செடி முடிந்ததும் அவள் செடியின் மறுபக்கத்தைப் பறித்து அவள் சாக்கிலேயே போடுவார். எருமைப் படத்தைக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் சாக்கு சாய்ந்து பழமெல்லாம் சரிவில் ஓடியது. நல்ல வரிசையான பற்கள் அவளுக்கு. "இவ சிரிக்கறதுக்காகவே இன்னொருக்கா சொல்லலாம்" என்று அக்கா மறுநாளும் அதையே சொன்னார்.

தை மாதக் கடைசியில் அக்கா ஒரு படம் பார்த்துவிட்டு வந்தார். குடிகாரக் கணவன், அடி தாங்காமல் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிற மனைவி, ஒரு குழந்தை. கணவன் வந்து அண்ணன் வீட்டு வாசலில் மழையில் நிற்கிறான். உள்ளே கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறான். ஒரு ராத்திரி பூராவும் நிற்கிறான். விடிந்ததும் அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு அவனோடு போகிறாள். வீட்டைக் கூட்டி விளக்கு ஏற்றுகிறாள். ஒரு பாட்டு வருகிறது. மழைப் படம் என்று அக்கா பெயர் வைத்தார்.

"அப்பறம்?" என்றாள் காளியாயி.

"அப்பறம் என்ன. அவன் பாட்டிலைக் கொண்டுபோய் ஆத்துல வீசிட்டான். தறிப் பட்டறையில வேலைக்குச் சேந்தான். கொழந்தைக்குக் காது குத்துனாங்க. அண்ணங்காரன் வந்து பாத்துட்டுக் கண்ணத் தொடச்சுக்கறான். வணக்கம் போட்டுட்டான்."

எல்லோரும் நல்ல படம் என்றார்கள். பாவாயி மட்டும் கிளையை அணைத்தபடி நின்றாள்.

"ஏனுங்க அக்கா, அவன் நெசமாலுமே திருந்திட்டானுங்களா?"

"திருந்திட்டான் கண்ணு."

"நடிக்கலீங்களே?"

"சினிமாவுல நடிக்காம வேறென்ன பண்ணுவாங்க" என்றாள் காளியாயி. நிரை சிரித்தது. பாவாயி சிரிக்கவில்லை.

"அவன் பாட்டிலை வீசுனதை நீங்க பாத்தீங்களா அக்கா?"

"எங் கண்ணால பாத்தேன்" என்றார் ராசம்மாள் அக்கா.

வேறு எந்தப் படத்துக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கதையில் ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளையன் அந்த வாரம் இரண்டு முறை அவள் தாய் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் பாவாயி வேலைக்கு வரவில்லை. மஞ்சக்குட்டைக்குப் போய்விட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். நிரையே சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் பாவாயியின் செடியைப் பார்த்துக்கொண்டே, "மழையில நின்னானாமா?" என்று கேட்டார். மழை எங்கே, மாசி மாதம் என்றோம்.

பங்குனியில் ஜீப்பில் வந்த யாரோ, பாவாயி கன்னம் வீங்கி, துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். "பல்லு வலியா இருக்கும்" என்றார் அக்கா. அன்று படம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "திருந்தறதுக்குக் கொஞ்ச நாள் ஆகுமில்ல" என்றார்.

கோடையில் ஏற்காட்டில் சீசனுக்காக ஒரு டூரிங் கொட்டகை போட்டார்கள். சேலத்தில் ஓடி முடிந்த படங்கள் அங்கே வரும். மழைப் படம் வந்திருக்கிறது என்று போஸ்டரில் வாசலில் மழையில் நிற்கிறவனைப் பார்த்துக் காளியாயி கண்டுபிடித்துவிட்டாள். எஸ்டேட் லாரி ஒன்று சாயந்தரம் ஏற்காடு போய்த் திரும்புவதாக இருந்தது. நிரை முழுக்க ஏறிக்கொண்டோம். அக்கா வரவில்லை என்றார். பிறகு லாரி புறப்படும்போது ஓடி வந்து ஏறினார்.

மணலில் உட்கார்ந்தோம். அக்கா சொன்னபடியே எல்லாம் வந்தது. மழை, வாசல், துணிமணி, விளக்கு, பாட்டு. பாட்டு ஆரம்பித்ததும் அக்காவின் கை பக்கத்தில் கூடையைத் தேடியது. கூடை இல்லை. அதற்கு மேல் உள்ளதை அவரும் எங்களோடு சேர்ந்துதான் பார்த்தார்.

அவன் ஆற்றுக்குப் போகவே இல்லை. சில நாள் நன்றாக இருக்கிறான். ஒருநாள் குடித்துவிட்டு வந்து குழந்தையின் எதிரில் கையை ஓங்குகிறான். அவள் கத்தவில்லை. அவனுக்குச் சோறு போடுகிறாள். அவன் சாப்பிட்டுப் படுத்த பிறகு பாத்திரத்தைக் கழுவி வைக்கிறாள். குழந்தைக்குச் சட்டை மாட்டிக் கதவைச் சாத்திவிட்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். பஸ் போகிறது. அவ்வளவுதான் படம். கொட்டகையில் விசிலடித்துத் திட்டினார்கள்.

எழுந்து மணலைத் தட்டும்போது காளியாயி சொன்னாள், "அக்கா சொன்ன முடிவு வேற கொட்டகையில ஓடுதாட்ட இருக்குது." சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. லாரியில் ஏறிக்கொண்டோம். அக்கா என் காதோரம் மட்டும் சொன்னார்.

"எல்லாப் படத்துக்கும் நான் யோசிக்கிற முடிவுதான் நல்லா இருக்குமுன்னு நெனச்சுட்டிருந்தேன் கண்ணு. இதை எடுத்தவன் என்னைவிட நல்லா யோசிச்சிருக்கான். அவளுக்கு இதைத்தான் சொல்லியிருக்கோணும்."

நான் அவருக்கு ஆறுதலாக, பாவாயி ஒரு சினிமாக் கதையைக் கேட்டா போயிருப்பாள், போக வேண்டும் என்று இருந்ததால் போனாள் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சேலம் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு வந்து, மஞ்சக்குட்டை போகும் ஜீப்பில் ஏறினார். கூடையில் பலாச்சுளை இருந்தது. பாவாயியிடம் உள்ளதைச் சொல்லி, வந்தால் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று வழியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளையன் வீட்டில் இருந்தான். குடித்திருக்கவில்லை. குளித்து நெற்றியில் திருநீறு பூசி, நல்ல மனிதனாக இருந்தான். "வாங்க, வாங்க" என்று பாயை உதறிப் போட்டான். "ஏ புள்ள, காப்பி வை. உங்க படம் சொல்ற அக்கா வந்திருக்காங்க." பாவாயி வெளியே வந்தாள். கன்னத்தில் வீக்கம் இல்லை. மெலிந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள்.

அவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. தனியாகப் பேச வழியில்லை.

"எங்களுக்கும் ஒரு படம் சொல்றது" என்றான் வெள்ளையன். "இவ எந்நேரமும் உங்க பேச்சுத்தான்."

அக்கா காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு மழைப் படத்தைச் சொன்னார். எருமைக்கு மூச்சு விடுகிற அக்கா அன்று கையைக்கூட அசைக்காமல் சொன்னார். மழையில் நின்ற இடத்தில் வெள்ளையன், "ராத்திரி பூராவுமா? மானஸ்தன்" என்றான். விளக்கு ஏற்றியதும், "அதான் குடும்பம்" என்றான். பாவாயி கதவோரம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது வரைக்கும் முன்னாடி சொன்னேன்" என்று அக்கா பாவாயியைப் பார்த்தார். "அதுக்கு மேல நான் பாக்கலை கண்ணு. பாத்தேன்னு பொய் சொன்னேன். இப்பத்தான் பாத்தேன்."

மீதியைச் சொன்னார். சோறு போட்டது, பாத்திரம் கழுவியது, சட்டை மாட்டியது, கதவு, பஸ். வெள்ளையன் கவனமாகக் கேட்டான்.

"முடிவு சரியில்லீங்க" என்றான். "ஒருக்காத் தப்புப் பண்ணுனா இன்னொருக்கா மன்னிக்கறதுதானே பொம்பளை. இந்தப் படம் ஓடியிருக்காதே?"

"ஓடலீங்க" என்றார் அக்கா.

பாவாயி ஒன்றே ஒன்று கேட்டாள். "கதவைப் பூட்டுனாளா, சாத்துனாளாங்க?"

"சாத்திட்டுத்தான் போனா."

ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் பாவாயி எங்களோடு வந்தாள். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்காகப் பாதியில எந்திரிச்சு வந்தவ நான். உன்னை ஏமாத்திட்டேன் சாமி."

"பஸ்ஸு எனக்குத் தெரியாதுங்களா அக்கா?" என்றாள் பாவாயி. "நிரையில அத்தனை பேருக்கும் தெரியும். நாங்களும் அதே பஸ்ஸுலதானே போறோம் வர்றோம். முடிவெல்லாம் நீங்களாச் சொல்றதுதான்னு தெரிஞ்சேதான் கேப்போம். அதனாலதான் அன்னிக்கு மட்டும், பாத்தீங்களான்னு கேட்டேன்."

அக்கா நின்றுவிட்டார். அது எனக்குத் தெரிந்தது ஓர் அடி தள்ளிப் போன பிறகுதான்.

"பாத்தேன்னு சொன்னீங்க. சரி, இதை மட்டும் இருந்து பாத்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

"இப்ப வந்துரு. ஜீப்பு நிக்குது."

பாவாயி திரும்பி வாசலைப் பார்த்தாள். "இன்னிக்கு அவுரு நல்லா இருக்காருங்க. நல்லா இருக்கற நாள்ல எப்படிங்க போறது?"

நாங்கள் இருவர்தான் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகும் அக்கா சேலம் போனார், படம் பார்த்தார். ஆனால் திங்கட்கிழமை, பாட்டு வரைக்கும் சொல்லிவிட்டு, "இதுக்கு மேல பாக்கலை" என்று நிறுத்திவிடுவார். "நீங்களே ஒண்ணு சொல்லுங்க, எங்களுக்கு அது போதும்" என்று கெஞ்சிப் பார்த்தோம். சொல்லவே மாட்டார். காளியாயி தானாக முடிவு கட்டுவாள். அவள் கதையில் எல்லோரும் செத்துப் போவார்கள்.

கார்த்திகையில் பறிப்பு ஆரம்பித்த இரண்டாவது வாரம் பாவாயி நிரைக்கு வந்தாள். ஒரு பையோடு முந்தின நாள் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். கதவைச் சாத்திவிட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னாள். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அக்கா தன் செடிக்குப் பக்கத்துச் செடியை அவளுக்கு விட்டார். நான் ஒரு செடி தள்ளிப் போனேன்.

"எருமையை அவுத்து உடுங்க அக்கா" என்றாள் காளியாயி. "பாவாயி கேட்டு எத்தனை நாளாச்சு."

நீண்ட நாளைக்குப் பிறகு அக்கா முழு மனதோடு சொன்னார். பந்தல், மாப்பிள்ளை, மூச்சு. நிரை குலுங்கியது. பாவாயியும் சிரித்தாள். சிரிப்பு வந்ததும் வலது கையைச் செடியிலிருந்து எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அப்படியும் தெரிந்துவிட்டது. மேல் வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

"எப்ப?" என்று கேட்டார் அக்கா.

"ஆடியிலங்க. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்பறம்." சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதுக்கு முன்னாடியே நான் வந்திருக்கோணும். சொல்லுங்க அக்கா, மாப்பிள்ளை அந்தப் பந்தல்ல போயி உக்காந்துட்டான், அப்பறம்?"

அக்கா செடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாலையைத் திங்குமுங்களே, அதைச் சொல்லுங்க" என்றாள் பாவாயி மறுபடியும், வாயில் கை வைத்துக்கொண்டே.

நிரையில் எல்லோருடைய கையும் நின்றிருந்தது. மேலே இருந்து மேஸ்திரி முனியப்பன், "என்ன புள்ளைங்களா, கதை போவுதா வேலை போவுதா" என்று குரல் கொடுத்தார். அக்கா மட்டும் தலையைச் செடிக்குள் விட்டுக்கொண்டு வேகமாகப் பறித்துக்கொண்டிருந்தார். அவர் சாக்கில் பச்சைக்காயாக விழுந்துகொண்டிருந்தது.